எந்த வாயு? எந்த அழுத்தம்?

நிலக்கரியையும் ஷேல் பாறையையும் பற்றி இந்தியப் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகளில் ஓர் அட்டவணை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மாதிரியின் எண், எடுக்கப்பட்ட ஆழம், நுண்துளைகளின் பங்கு, கடைசிப் பத்தியில் ஊடுருவுதிறன். அந்தக் கடைசி எண் மூன்று தசம இடம்வரை அச்சாகியிருக்கும். எந்த வாயுவைச் செலுத்தி அளந்தார்கள், நுழைமுனையில் எவ்வளவு அழுத்தம், வெளிமுனையில் எவ்வளவு, மாதிரியைச் சுற்றிலும் எவ்வளவு இறுக்கம் கொடுக்கப்பட்டது, மாதிரி உலர்த்தப்பட்டதா அல்லது சுரங்கத்து ஈரத்தோடு வைக்கப்பட்டதா என்ற கேள்விகளுக்கு அந்தப் பக்கத்தில் விடை இராது. பல நேரங்களில் ஆய்வேடு முழுவதிலும் இராது. வழிகாட்டி கேட்பதில்லை. புறத்தேர்வாளர் கேட்பதில்லை. இதழின் மதிப்பீட்டாளரும் கேட்பதில்லை. அடுத்து வரும் ஆய்வு மாணவர் அந்த எண்ணை எடுத்துத் தம் சிமுலேஷனில் இட்டு, முப்பது ஆண்டுக்கான வாயு உற்பத்தியை வண்ண வரைபடமாகத் தீட்டிவிடுகிறார்.

இப்படிப்பட்ட எண்ணுக்கு அளவீடு என்ற பெயர் பொருந்தாது. வெப்பநிலை 40 என்று எழுதிவிட்டு, செல்சியஸா பாரன்ஹீட்டா என்று சொல்லாமல் விடுவதைக் காட்டிலும் மோசமான குறை இது. அங்கே ஐயத்துக்கு இரண்டே வழிகள். இங்கே வழிகளுக்கு எல்லையே இல்லை.

இந்தப் பழக்கத்தின் வேர் டார்சியின் விதி கற்பிக்கப்படும் முறையில் இருக்கிறது. ஹென்றி டார்சி பிரான்சு நாட்டின் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர். மணல் நிரப்பிய உருளைகளின் வழியே நீரைச் செலுத்திப் பார்த்து, 1856இல் வெளியான தம் நூலின் பின்னிணைப்பில் அந்த முடிவுகளைப் பதிவு செய்தார். அவர் கையாண்டது நீர், அமுங்காத திரவம். மணலின் இடைவெளிகளோ நீர் மூலக்கூற்றைவிட லட்சக்கணக்கான மடங்கு பெரியவை. இவ்விரு நிபந்தனைகளும் நிறைவேறும் இடத்தில் ஊடுருவுதிறன் ஊடகத்துக்கு மட்டுமே உரிய பண்பு. எந்தத் திரவத்தைச் செலுத்தினாலும், அதன் பாகுநிலையைக் கணக்கில் கொண்டால், ஒரே எண்தான் வரும். பாடநூல் இதைச் சொல்லிவிட்டு அடுத்த பத்தியிலேயே வாயுவுக்குத் தாவிவிடுகிறது. தாவும்போது இரண்டு நிபந்தனைகளும் கீழே விழுந்துவிட்டதை மாணவரிடம் சொல்ல யாரும் நிற்பதில்லை.

முதல் நிபந்தனை விழுவதன் விளைவை எட்டாம் வகுப்புக் கணக்கே காட்டிவிடும். நுழைமுனையில் 3 வளிமண்டல அழுத்தம், வெளிமுனையில் 1 வளிமண்டல அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே வரும் வாயுவை மானியில் அளந்து, டார்சியின் சமன்பாட்டில் திரவத்துக்குச் செய்வதுபோல அழுத்த வேறுபாட்டை மட்டும் இட்டால் கிடைக்கும் ஊடுருவுதிறன், சரியான விடையைப் போல மிகச் சரியாக இரு மடங்கு. காரணம் எளிது: பாறைக்குள் வாயு நெருக்கமாக இருக்கிறது, வெளியே வரும்போது விரிந்துவிடுகிறது, மானி அந்த விரிந்த கன அளவையே காட்டுகிறது. அழுத்தங்களின் வர்க்கங்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பயன்படுத்தினால் பிழை தீர்ந்துவிடும். நூறாண்டுக்கு மேலாக அறியப்பட்ட திருத்தம்தான். ஆனாலும், எந்தச் சமன்பாடு பயன்படுத்தப்பட்டது என்று எழுதாத ஆய்வேட்டில் இந்த இரு மடங்குப் பிழை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எவராலும் இயலாது.

இரண்டாம் நிபந்தனை விழுவது இன்னும் ஆழமான சிக்கல். ஒரு வாயு மூலக்கூறு இன்னொன்றோடு மோதி, அடுத்த மோதல்வரை கடக்கும் தொலைவின் சராசரியை மோதலிடைத் தூரம் என்பர். அறை வெப்பநிலையில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் மீத்தேனுக்கு அது ஏறத்தாழ 60 நானோமீட்டர். ஹீலியத்துக்கு அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஷேல் பாறையின் நுண்துளைகள் பலவும் சில நானோமீட்டரிலிருந்து சில நூறு நானோமீட்டர் அகலம் கொண்டவை. அதாவது, குறைந்த அழுத்தத்தில் அத்துளைக்குள் செல்லும் மூலக்கூறு தன் இனத்தோடு மோதுவதைவிடத் துளையின் சுவரோடு மோதுவதே அதிகம். பாகுநிலை என்பது மூலக்கூறுகள் தமக்குள் மோதிக்கொள்வதால் பிறக்கும் பண்பு. அந்த மோதலே அரிதாகிவிட்ட இடத்தில், பாகுநிலையை மையமாகக் கொண்ட சமன்பாடு எதைக் குறிக்கிறது?

இந்தக் கேள்வி புதிதன்று. சுவரை ஒட்டிய வாயு நிற்பதில்லை, வழுக்கிச் செல்கிறது என்பதைக் குண்ட், வார்பர்க் இருவரும் 1875இல் காட்டினர். குனுட்சன் 1909இல் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அதை விரிவாக அளந்தார். எண்ணெய்க் கிணற்றுப் பாறைகளுக்கு அதைக் கொண்டுவந்தவர் கிளிங்கன்பெர்க்; ஆண்டு 1941. ஒரே பாறைத் துண்டில் சராசரி அழுத்தத்தை மாற்றி மாற்றி வாயு ஊடுருவுதிறனை அளந்து, அதை அழுத்தத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால் ஏறத்தாழ ஒரு நேர்கோடு வருகிறது என்றார் அவர். அக்கோட்டை முடிவிலா அழுத்தம் வரை நீட்டினால் கிடைப்பதே பாறைக்கு உரிய எண். கோட்டின் சரிவு வாயுவுக்கு வாயு மாறும்; நீட்டிய முனை மாறாது. அந்தக் கட்டுரையின் சாரமே இதுதான்: ஓர் அழுத்தத்தில் எடுத்த ஒற்றை அளவு பாறையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இன்று கிளிங்கன்பெர்க்கின் பெயர் எங்கும் இருக்கிறது. அவர் செய்த வேலைதான் காணோம். ஓர் அழுத்தத்தில் மட்டும் அளந்துவிட்டு, அமெரிக்க மணற்பாறைகளிலிருந்து வேறொருவர் வருவித்த தொடர்பைக் கொண்டு சரிவைக் ‘கணக்கிட்டு’, ‘கிளிங்கன்பெர்க் திருத்தம் செய்யப்பட்டது’ என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த மணற்பாறைக்கும் ஜரியாவின் நிலக்கரிக்கும் என்ன உறவு? அழுத்தத்தை நான்கு முறை மாற்றி அளக்க வேண்டிய இடத்தில் ஒருமுறை அளந்துவிட்டு, மற்ற மூன்றையும் கடன் வாங்கியதற்குத் திருத்தம் என்று பெயர்.

கடன் வாங்கும் தொகை எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். 10 நானோமீட்டர் ஆரமுள்ள ஒரு குழாயைக் கற்பனை செய்து, கிளிங்கன்பெர்க்கின் சமன்பாட்டை அப்படியே இட்டால், 100 வளிமண்டல அழுத்தத்தில் மீத்தேன் காட்டும் ஊடுருவுதிறன் உண்மை எண்ணைப் போல 1.2 மடங்கு. அதே மீத்தேன் 1 வளிமண்டல அழுத்தத்தில் 25 மடங்கு. ஹீலியம் அதே அழுத்தத்தில் 70 மடங்குக்கு மேல். குழாய் ஒன்றே, அதன் ஆரம் மாறவே இல்லை. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அச்சமன்பாடே தன் எல்லையைக் கடந்துவிடுகிறது என்பதும் உண்மை. ஆகவே 25, 70 ஆகியவற்றைத் துல்லியமான மதிப்புகளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ‘0.02 மில்லிடார்சி’ என்று வாயுவின் பெயரின்றி எழுதப்பட்ட எண்ணுக்குள் எவ்வளவு பெரிய இடைவெளி ஒளிந்திருக்க முடியும் என்பதை அவை காட்டிவிடுகின்றன. மூன்றாவது தசம இடத்துக்கு அங்கே என்ன வேலை?

நிலக்கரிக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. ஹீலியம் நிலக்கரியின் பரப்பில் ஏறக்குறைய ஒட்டுவதே இல்லை. மீத்தேன் ஒட்டுகிறது. கார்பன் டைஆக்சைடு அதைவிட மிகுதியாக ஒட்டுகிறது. அவ்வாறு பரப்புக்கவரப்படும்போது நிலக்கரி வீங்குகிறது. வாயு செல்லும் நுண்விரிசல்கள் நெருக்கப்படுகின்றன. ஆகவே ஹீலியத்தால் அளந்த நிலக்கரியும் கார்பன் டைஆக்சைடால் அளந்த நிலக்கரியும், ஒரே துண்டாக இருந்தாலும், வாயு ஓட்டத்தைப் பொறுத்தவரை இரு வேறு பொருள்கள். இது ஆய்வகத்து நுட்பம் மட்டும் அன்று. அமெரிக்காவின் சான் வான் படுகையில், அலிசன் என்ற இடத்தில் 1995 முதல் நிலக்கரி அடுக்குக்குள் கார்பன் டைஆக்சைடு செலுத்தப்பட்டபோது, உட்செலுத்தும் வேகம் குறைந்தது. ஜப்பானின் யூபாரியில் 2004 முதல் 2007 வரை நடந்த சோதனையிலும் அதுவே நேர்ந்தது. இடையில் நைட்ரஜனைச் செலுத்திப் பார்த்தபோது வேகம் சிலகாலம் மீண்டது. பாறை அதேதான். வாயுவை மாற்றியதும் ஊடுருவுதிறனும் மாறியது. இந்த இரு சோதனைகளும் முடிந்து இவ்வளவு காலம் ஆகிவிட்டது. இன்னமும் ஹீலியத்தால் அளந்த எண்ணை வைத்துத் தாமோதர் பள்ளத்தாக்கின் நிலக்கரி அடுக்குகளில் எத்தனை கோடி டன் கார்பன் டைஆக்சைடைப் புதைக்கலாம் என்று கணக்கிடுவது எந்த வகை அறிவியல்?

இதில் வகுப்பறைக்கும் ஒரு பங்கு உண்டு. பதினொன்றாம் வகுப்பில் கிரஹாமின் விதி சொல்லித்தரப்படுகிறது: வாயு வெளியேறும் வேகம் மூலக்கூறு எடையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். உடன் ஓர் ஊசித்துளைப் படம், இரண்டு கணக்குகள், முடிந்தது. தாமஸ் கிரஹாம் 1833இல் வெளியிட்ட சோதனையில் ஊசித்துளையே இல்லை. பாரிஸ் சாந்தால் அடைத்த கண்ணாடிக் குழாய்தான் இருந்தது. அதாவது, ஒரு நுண்துளை ஊடகம். குழாய்க்குள் ஹைட்ரஜன், வெளியே காற்று. இரு பக்கமும் அழுத்தம் சமமாக இருக்குமாறு நீர்மட்டத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தார் அவர். ஒரு பங்கு காற்று உள்ளே வருவதற்குள் ஏறத்தாழ 3.8 பங்கு ஹைட்ரஜன் வெளியேறியது. அழுத்த வேறுபாடு சுழி. ஆனாலும் சாந்தின் வழியே நிகர ஓட்டம் இருக்கிறது. டார்சியின் விதிப்படி அங்கே ஓட்டமே இருக்கக் கூடாது.

வேதிப்பொறியியல் பாடத்தில், எதிரெதிராக விரவும் இரண்டு வாயுக்களின் மோல் அளவுகள் சமம் என்ற எடுகோள் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது. கிரஹாமின் முடிவு நூறாண்டுக்கு மேல் மறக்கப்பட்டு, 1953இல் ஹூக்ஸ்காகன் வினையூக்கித் துண்டுகளில் அதை மறுபடியும் கண்டறிய வேண்டியதாயிற்று. மூடிய கலத்தில் அழுத்தம் தானே சரிசெய்துகொண்டு அந்த எடுகோளைக் காப்பாற்றிவிடும். திறந்த அமைப்பில் காப்பாற்றாது. ஊசித்துளைப் படத்தோடு வளர்ந்த மாணவருக்கு இந்த வேறுபாடு ஆய்வுப் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில்கூடப் புலப்படாமல் போவதில் வியப்பில்லை.

அளப்பது இப்படி நலிந்துகொண்டிருக்க, மாதிரிச் சமன்பாடுகளின் உற்பத்தி மட்டும் கொழித்து வளர்கிறது. ‘தோற்ற ஊடுருவுதிறனுக்கான புதிய மாதிரி’ என்ற தலைப்பில் கட்டுரைகள் வந்தவண்ணம் இருக்கின்றன. சமையற்குறிப்பு ஏறக்குறைய ஒன்றே. பாகுநிலை ஓட்டத்துக்கு ஓர் உறுப்பு, வழுக்கலுக்கு ஓர் உறுப்பு, குனுட்சன் விரவலுக்கு ஓர் உறுப்பு, பரப்பு விரவலுக்கு இன்னோர் உறுப்பு. ஒவ்வொன்றையும் பெருக்க ஓர் எடைக்கெழு. எல்லாவற்றையும் கூட்டினால் புதிய மாதிரி. பிறகு, பிறர் எப்போதோ வெளியிட்ட அதே சில தரவுத் தொகுப்புகளின் மேல் வளைகோட்டைப் பொருத்தி, ‘சிறந்த ஒத்திசைவு’ என்று அறிவிப்பு. நான்கைந்து கெழுக்களை விருப்பம்போல் திருப்ப முடியுமானால், மென்மையான எந்த வளைகோட்டைத்தான் பொருத்த முடியாது?

கூட்டிவிடுவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நீண்ட குழாயில் சராசரி அழுத்தத்தை உயர்த்திக்கொண்டே போனால், அழுத்த வேறுபாட்டின் ஓர் அலகுக்கான ஓட்டம் முதலில் சற்றுக் குறைந்து, பிறகே ஏறுகிறது. குனுட்சன் கண்ட இந்தச் சிறுமப் புள்ளி இன்றளவும் பாடநூல்களில் இருக்கிறது. பாகுநிலை ஓட்டத்தையும் குனுட்சன் ஓட்டத்தையும் வெறுமனே கூட்டும் சமன்பாட்டில் அந்தச் சிறுமம் வரவே வராது. அது ஏறுமுகமாகவே செல்லும். அப்படியிருக்க, பாறைத் தரவோடு அச்சமன்பாடு பொருந்துவதை, துளைக்குள் இரண்டு தனித்தனி ஓட்டங்கள் அருகருகே நடக்கின்றன என்பதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. வழுக்கலையும் குனுட்சன் விரவலையும் ஒருசேரக் கூட்டும் கட்டுரைகள் ஒரே இயற்பியலை இரண்டு முறை எண்ணுகின்றனவா என்ற கேள்வியையும் எழுப்பியாக வேண்டும். வழுக்கல் என்பது சுவரோடு மூலக்கூறு மோதுவதன் விளைவு. குனுட்சன் விரவலும் அதுவே.

இதையெல்லாம் அறிஞர்களின் உள்வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவின் ஷேல் வாயு வளம் குறித்து 2011இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் மும்பை, காவிரி, கிருஷ்ணா-கோதாவரிப் பகுதிகளுக்குத் தந்த மதிப்பீடு 6.1 லட்சம் கோடி கன அடி. அதே நாட்டின் எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013இல் நான்கு படுகைகளுக்குத் தந்த மதிப்பீடு 96 லட்சம் கோடி கன அடி. படுகைகள் வேறு, முறைகள் வேறு. இந்த இடைவெளி முழுவதையும் ஊடுருவுதிறனின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. ஆனால் நிலத்தடியில் இருக்கும் வாயுவுக்கும் மேலே கொண்டுவரக்கூடிய வாயுவுக்கும் நடுவே நிற்பது பாறையின் வழியே வாயு எவ்வளவு எளிதாகச் செல்லும் என்பதுதான். உள்நாட்டில் நம்பத்தக்க அளவீடுகள் இல்லாதபோது அந்த இடத்தை அயல்நாட்டுப் பாறைகளின் அனுபவம் நிரப்பிவிடுகிறது. துர்காபூரை அடுத்த இச்சாபூரில் 2011 ஜனவரியில் ஷேல் வாயு வெளிப்பட்டபோது எழுந்த ஆரவாரமும், அதன்பின் வந்த நீண்ட மௌனமும் பலருக்கும் நினைவிருக்கும். மன்னார்குடி மீத்தேன் திட்டத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் ஆண்டுக்கணக்கில் நடந்த வாதத்திலும், அந்தப் பழுப்பு நிலக்கரி அடுக்கின் வழியே வாயு எப்படிச் செல்லும் என்ற அளவீடு மேடைக்கு வந்ததாகத் தெரியவில்லை.

சுரங்கத்துக்குள் இது உயிர் சார்ந்தது. வெட்டப்படும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் எவ்வளவு எரிவாயு வெளிப்படுகிறது என்பதைக் கொண்டே இந்தியச் சட்டம் நிலக்கரி அடுக்குகளை மூன்று தரங்களாகப் பிரிக்கிறது. டன்னுக்கு 10 கன மீட்டருக்கு மேல் என்றால் மூன்றாம் தரம். அடுக்கு ஆழமாகும்போது, முன்கூட்டியே துளையிட்டு வாயுவை வடித்தெடுக்க எவ்வளவு காலம் வேண்டும், துளைகள் எவ்வளவு நெருக்கமாக அமைய வேண்டும் என்பதை ஊடுருவுதிறனே தீர்மானிக்கும். தன்பாத் அருகே பாட்டிடி சுரங்கத்தில் 2006 செப்டம்பரில் நேர்ந்த வெடிப்பில் 50 பேர் இறந்தனர். அதற்குக் காரணம் ஓர் ஆய்வேட்டின் அட்டவணை என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அத்தகைய சுரங்கங்களுக்காக எழுதப்படும் வாயு வடிப்புத் திட்டங்களில் பத்து மடங்கு பிழையான எண் நுழைந்தால், அதன் விலையைச் செலுத்துபவர் அந்த எண்ணை எழுதியவராக இருக்கப்போவதில்லை.

மறுப்புகள் வழக்கமானவை. நிலத்தடியில் அழுத்தம் அதிகம், அங்கே வழுக்கல் பொருட்டன்று என்பது முதலாவது. தொடக்கத்தில் உண்மைதான். ஆனால் நிலக்கரி அடுக்கிலிருந்து வாயு எடுப்பதே அழுத்தத்தைக் குறைத்துத்தான். உற்பத்தியின் பிற்பகுதியில் அது சில வளிமண்டல அளவுக்கு இறங்கிவிடுகிறது. மேலும், நிலத்தடியில் வழுக்கல் இல்லை என்பதே, குறைந்த அழுத்தத்தில் ஆய்வகத்தில் அளந்த எண்ணைத் திருத்தாமல் அங்கே கொண்டுபோகக் கூடாது என்பதற்கான வலுவான காரணம். மறுப்பு தன் காலையே வெட்டிக்கொள்கிறது.

கருவி இல்லை, நிதி இல்லை என்பது இரண்டாவது. அழுத்தத் துடிப்பு தேயும் வேகத்தை அளக்கும் கருவிகளுக்குப் பெருந்தொகை வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பயன்படுத்திய வாயுவின் பெயரை எழுத எவ்வளவு நிதி வேண்டும்? ஒழுங்குபடுத்தியைத் திருகி இன்னும் மூன்று அழுத்தங்களில் அளவெடுக்க வேண்டியது ஒரு நாள், கூடினால் ஒரு வாரம். முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இன் விதிகளில் நீக்கியே விட்டது; தம் சொந்த விதியாக அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிறுவனங்கள்தாம் அந்த ஒரு வாரத்தை மாணவரிடமிருந்து பறிக்கின்றன. கட்டுரை எண்ணிக்கையே அளவுகோலாகும்போது, அளப்பவரைவிட வளைகோடு பொருத்துபவர் விரைவாக உதவிப் பேராசிரியர் ஆகிவிடுகிறார். இதைத் தெரிந்துகொண்டே அமைதி காக்கும் வழிகாட்டிகள் மாணவரின் சோம்பலைக் குறைகூறுவது பொருந்தாது.

வேறு வழி இல்லாமலும் இல்லை. ஸ்விட்சர்லாந்தின் கிரிம்செல் பகுதியிலிருந்து எடுத்த ஒரே கருங்கல் வகைப் பாறையின் துண்டுகள் பல நாடுகளில் உள்ள 24 ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டன. ஒவ்வோர் ஆய்வகமும் தன் முறையில் அளந்தது. முடிவுகள் 2018இல் வெளியாயின. வாயுவால் அளந்தவை திரவத்தால் அளந்தவற்றைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தன. எவரும் தம் எண்ணை மறைக்கவில்லை. முரண்பாடுகளே கட்டுரையின் பொருளாயின. இதே ஏற்பாட்டை ஜரியாவின் பராக்கர் நிலக்கரியில் செய்யத் தடையாக இருப்பது என்ன? ஒரே கட்டியிலிருந்து வெட்டிய துண்டுகளைத் தன்பாத்திலும் கரக்பூரிலும் மும்பையிலும் உள்ள ஆய்வகங்கள் அளக்கலாம்: ஹீலியம், நைட்ரஜன், மீத்தேன், கார்பன் டைஆக்சைடு என்று நான்கு வாயுக்களில், ஒவ்வொன்றிலும் ஐந்து அழுத்தங்களில், உலர்ந்த நிலையிலும் ஈர நிலையிலும். கிடைக்கும் எண்களைத் திருத்தாமல், ஒத்துவராதவற்றை நீக்காமல், அப்படியே பொதுவில் வைக்கலாம். அது வரும்வரை, வாய்மொழித் தேர்வில் அமரும் புறத்தேர்வாளர்கள் வண்ண வரைபடங்களைப் பின்னால் தள்ளிவைத்துவிட்டு, ஊடுருவுதிறன் அட்டவணையைத் திறந்து முதற்கேள்வியாகக் கேட்க வேண்டியவை இரண்டு: எந்த வாயு? எந்த அழுத்தம்?